அறிவியல் கணிப்பானும் நம் ஊர்க் கணக்குகளும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கணக்கு என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கும் பொருள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் நமது தோல் தொழில் வட்டாரத்தில் கணக்கு இல்லாமல் ஒரு பொழுதும் விடிவதில்லை. பச்சைத் தோல் மண்டிக்கு வந்தால் எண்ணிக்கைக் கணக்கு. அது தொழிற்சாலைக்குள் சென்றால் எடைக் கணக்கு. பதனிட்டு வெளியே வந்தால் சதுர அடிக் கணக்கு. ஷூவாகத் தைக்கும்போது ஜோடிக் கணக்கு. வாரக் கடைசியில் கூலிக் கணக்கு. நம் பள்ளியில் பயிலும் மாணவியர் பலருடைய வீட்டு அடுப்பு இந்தக் கணக்குகளை நம்பியே எரிகிறது.

இக்கணக்குகளைப் போடுவதற்கு இன்று கைக்கு எட்டும் கருவியாக இருப்பது கால்குலேட்டர் எனப்படும் கணிப்பான். அதிலும் அறிவியல் கணிப்பான் என்பது மேல்படிப்புக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவியின் பையிலும் இடம்பெறும் பொருளாகிவிட்டது. நமது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அறைக்குள் அதைக் கொண்டு செல்ல அனுமதி இல்லை. ஆயினும் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி என்று சென்றவுடன் அது நம் கையில் தரப்படும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். எனவே அதை எவ்வாறு தயார் செய்வது, அடிப்படைக் கணக்குகளை எவ்வாறு போடுவது என்பதை நம் ஊர்க் கணக்குகளைக் கொண்டே இக்கட்டுரையில் காண்போம்.

முதலிலேயே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கணிப்பான் நாம் கேட்டதற்கு மட்டுமே விடை சொல்லும். நாம் கேட்க நினைத்தது என்ன என்று அதற்குத் தெரியாது. ஆகவே சரியாகக் கேட்பதும், வந்த விடை பொருந்துகிறதா என்று பார்ப்பதும் நம்முடைய பொறுப்பாகும்.

கருவி வந்த வழி

பெரிய பெருக்கல்களை எளிதாக்க மனிதர் நெடுங்காலம் முயன்றனர். ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614ஆம் ஆண்டில் மடக்கை என்னும் லாகரிதத்தை வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிவிடும் அரிய முறை அது. பின்னர் ஹென்றி பிரிக்ஸ் என்பவர் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை அட்டவணைகளை 1624இல் வெளியிட்டார். அதே தத்துவத்தைக் கொண்டு ஸ்லைடு ரூல் என்னும் நழுவுகோலும் உருவாயிற்று. சுமார் முந்நூறு ஆண்டுகள் பொறியாளர்களின் கையில் இருந்தது அந்தக் கோல்தான். நிலவுக்குச் சென்ற அப்பல்லோ விண்வெளி வீரர்கள்கூட அதை எடுத்துச் சென்றனர்.

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் எச்.பி. 35 என்னும் கணிப்பானை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் முதல் அறிவியல் கணிப்பான் இதுவே. அதில் 35 விசைகள் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. அன்றைய விலை 395 டாலர். அடுத்த சில ஆண்டுகளில் நழுவுகோல் மறைந்து போயிற்று. ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்கூடங்களில் மட்டும் இருந்த வசதி இன்று எழுதுபொருள் கடையில் கிடைக்கிறது. பல கைப்பேசிகளைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பிடித்தால் அறிவியல் விசைகள் அதிலேயே தோன்றுகின்றன.

கடைக் கணிப்பானும் அறிவியல் கணிப்பானும்

மளிகைக் கடை மேசையில் இருக்கும் கணிப்பானுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு சோதனையால் அறியலாம். இரண்டிலும் 2 + 3 × 4 = என்று அழுத்திப் பாருங்கள். கடைக் கணிப்பான் பெரும்பாலும் 20 என்று காட்டும். அது வந்த வரிசையிலேயே கணக்கிடுகிறது. முதலில் 2உம் 3உம் கூட்டி 5, பிறகு 5ஐ 4ஆல் பெருக்கி 20. அறிவியல் கணிப்பான் 14 என்று காட்டும். பெருக்கலும் வகுத்தலும் முதலில், கூட்டலும் கழித்தலும் பிறகு என்று நம் கணித ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட்ட விதி அதற்குள் இருக்கிறது.

கடைக்காரர் பில் போடும்போது 20 வேண்டியிருக்கலாம். இயற்கணிதம் போடும்போது 14 வேண்டும். எனவே புதிதாக ஒரு கணிப்பானைக் கையில் எடுத்தால் முதலில் இச்சோதனையைச் செய்து அது எவ்வகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

தயார் செய்யும் முறை

மாணவரிடையே மிகுதியாகக் காணப்படும் கேசியோ எஃப்.எக்ஸ். 82 எம்.எஸ். என்னும் வகையை வைத்து விளக்குகிறேன். மற்ற வகைகளில் விசைகளின் இடம் சற்று மாறினாலும் தத்துவம் ஒன்றே.

பல விசைகளுக்கு முகத்தில் ஒரு வேலையும், தலைக்கு மேல் சிறிய எழுத்தில் வேறொரு வேலையும் உண்டு. மேலே உள்ள வேலை வேண்டுமானால் முதலில் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்தி விட்டுப் பிறகு அந்த விசையை அழுத்த வேண்டும். ஷிஃப்ட் விசை எந்த நிறமோ அதே நிறத்தில்தான் அந்தச் சிறிய எழுத்துகளும் இருக்கும். நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

முதற்படி, பழைய நிலையைத் துடைத்தல். கணிப்பான் கைமாறி வந்திருந்தால் முன்பு பயன்படுத்தியவர் எந்த நிலையில் வைத்திருந்தார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே ‘ஆன்’ அழுத்தி, ‘ஷிஃப்ட்’ அழுத்தி, ‘மோடு’ விசையை அழுத்துக. திரையில் மூன்று தெரிவுகள் வரும். ‘ஆல்’ என்னும் மூன்றாவதற்காக 3ஐ அழுத்தி, பிறகு சமக்குறியை அழுத்துக. எல்லாம் தொடக்க நிலைக்கு வந்துவிடும். இ.எஸ். என்னும் வகையாக இருந்தால் ஷிஃப்ட், 9, 3, சமக்குறி என்பது வரிசை.

இரண்டாம் படி, கோண அலகு. கோணத்தைப் பாகை, ரேடியன், கிரேடு என்று மூன்று அலகுகளில் அளக்கலாம். நாம் பத்தாம் வகுப்பில் பயன்படுத்துவது பாகை. ‘மோடு’ விசையை இரண்டு முறை அழுத்தினால் டெக், ரேட், கிரா என்று வரும். டெக் என்பதற்கு 1ஐ அழுத்துக. திரையின் மேற்புறம் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்து சிறியதாகத் தெரிய வேண்டும். சரிபார்க்க, சைன் 30 என்று அழுத்தினால் 0.5 வர வேண்டும். ரேடியனில் இருந்தால் −0.988 என்று ஏதோ வரும். சில பழைய கணிப்பான்களில் மட்டும் 30 என்று எண்ணை முதலில் அழுத்தி, பிறகு சைன் விசையை அழுத்த வேண்டும்.

மூன்றாம் படி, விடை காட்டும் முறை. 1ஐ 200ஆல் வகுத்தால் நாம் எதிர்பார்ப்பது 0.005. ஆனால் புதிய கணிப்பான் 5 என்றும், அதற்கு வலப்புற மூலையில் சிறியதாக −03 என்றும் காட்டும். இதைக் கண்டு பலர் விடை 5 என்று எழுதிவிடுவதுண்டு. அந்தச் சிறிய −03 என்பது பத்தின் அடுக்கு. அதாவது 5ஐ ஆயிரத்தால் வகுக்க வேண்டும் என்று பொருள். இதைச் சாதாரணத் தசமமாகவே காண விரும்பினால் ‘மோடு’ மூன்று முறை அழுத்தி, ‘நார்ம்’ என்பதற்கு 3, பிறகு 2 அழுத்துக. இனி 0.005 என்றே வரும்.

பணக் கணக்கானால் அதே இடத்தில் ‘ஃபிக்ஸ்’ என்பதற்கு 1 அழுத்தி, மறுபடி 2 அழுத்தினால் விடை இரண்டு தசம இடங்களோடு, ரூபாய் பைசாவாக வரும். திரையில் மட்டுமே இவ்வாறு சுருங்கும். உள்ளே கணக்கு முழு எண்ணாகவே நடக்கும்.

சதவீதக் கணக்கு

தோல் பதனிடும் தொழிற்சாலையில் எல்லா மருந்துகளும் தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்றே சொல்லப்படும். சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு, உப்பு, அமிலம், குரோம் உப்பு, ஏன், தண்ணீர்கூடச் சதவீதத்தில்தான். தண்ணீர் 200 சதவீதம் என்றால் தோலின் எடையைப் போல் இரு மடங்கு என்று பொருள்.

ஒரு மர டிரம்மில் 1,250 கிலோ தோல் போடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் குரோம் உப்பு 8 சதவீதம் வேண்டும். 1250 × 8 ÷ 100 = என்று அழுத்தினால் 100 கிலோ. இதை அழுத்துவதற்கு முன்பே மனத்தால் ஒரு கணக்குப் போட வேண்டும். 10 சதவீதம் என்றால் 125 கிலோ. 8 சதவீதம் என்றால் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே விடை 100ஐ ஒட்டித்தான் இருக்க முடியும். விரல் தவறி 0.8 என்று அழுத்தினால் 10 கிலோ என்றும், 80 என்று அழுத்தினால் 1,000 கிலோ என்றும் கணிப்பான் சற்றும் தயங்காமல் காட்டும். அதற்குத் தோலையும் தெரியாது, குரோமையும் தெரியாது.

இவ்வாறு மிகுதியாகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். வழக்கமான முறையில் போடும் குரோமிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் ஏற்றுக்கொள்கிறது. மீதி கழிவுநீரோடு வெளியேறும். நமது பாலாறும் சுற்றியுள்ள கிணறுகளும் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. இந்திய நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பாழாவது நோட்டுப் புத்தகம் மட்டும் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பின்னக் கணக்கு

பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. அளக்கும்போது கால், அரை, முக்கால் சதுர அடி வரை பார்ப்பார்கள். நம் முன்னோர் மாகாணி, அரைக்கால், கால், அரை, முக்கால் என்று வாய்ப்பாடாகவே மனப்பாடம் செய்திருந்தனர். அந்த வேலையைக் கணிப்பானில் செய்ய ஏ, பி, சி என்ற மூன்று எழுத்துகள் பொறித்த பின்ன விசை இருக்கிறது.

மூன்று தோல்களின் அளவு 22¾, 19½, 20¼ சதுர அடி என்க. 22, பின்ன விசை, 3, பின்ன விசை, 4 என்று அழுத்தினால் இருபத்திரண்டே முக்கால். அதோடு கூட்டல் குறி இட்டு மற்ற இரண்டையும் இவ்வாறே அழுத்திச் சமக்குறி இட்டால் 62½ என்று வரும். மீண்டும் பின்ன விசையை ஒருமுறை அழுத்தினால் 62.5 என்று தசமமாக மாறும்.

வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும்போது சதுர மீட்டரில் கேட்பதுண்டு. ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். சதுர அடி வேண்டுமானால் அதை வர்க்கமாக்க வேண்டும். 62.5 × 0.3048 என்று அழுத்தி, வர்க்க விசையையும் சமக்குறியையும் அழுத்தினால் 5.80644 சதுர மீட்டர் என்று வரும். வர்க்கம் 0.3048க்கு மட்டுமே சேரும். மனக்கணக்கில் ஒரு சதுர மீட்டர் என்பது பத்தே முக்கால் சதுர அடி. 62ஐப் பத்தே முக்காலால் வகுத்தால் ஏறத்தாழ 6. விடை பொருந்துகிறது.

அடைப்புக்குறியின் அருமை

அளவியல் பாடத்தில் உருளையின் கனஅளவைப் படிக்கிறோம். தோல் சுழலும் டிரம் ஓர் உருளையே. அதன் விட்டம் 2.5 மீட்டர், நீளம் 2.5 மீட்டர் என்க. ஆரம் என்பது விட்டத்தில் பாதி. கணிப்பானில் பை × (2.5 ÷ 2) என்று அடைப்புக்குறிக்குள் இட்டு, வர்க்க விசை அழுத்தி, × 2.5 = என்றால் 12.27 கனமீட்டர் வரும். ஒரு கனமீட்டர் 1,000 லிட்டர் ஆகையால் ஏறக்குறைய 12,270 லிட்டர் கொள்ளும்.

அடைப்புக்குறியை விட்டுவிட்டு பை × 2.5 ÷ 2 வர்க்கம் × 2.5 என்று அழுத்தினால் 4.91 என்றுதான் வரும். ஏனெனில் கணிப்பான் 2ஐ மட்டும் வர்க்கமாக்கிவிடுகிறது. இவ்விரண்டில் எது சரி என்று எப்படி அறிவது? அந்த டிரம்மைச் சரியாக அடக்கும் ஒரு சதுரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கனஅளவு 2.5 × 2.5 × 2.5, அதாவது 15.6 கனமீட்டர். உருளை அதைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். 12.27 பொருந்துகிறது, 4.91 பொருந்தவில்லை.

எதிர்ம எண்ணுக்கும் இந்த எச்சரிக்கை தேவை. கழித்தல் விசை வேறு, எதிர்ம எண்ணுக்கான அடைப்புக்குறியிட்ட விசை வேறு. எதிர்ம விசை, 3, வர்க்கம் என்று அழுத்தினால் −9 வரும். (−3) என்று அடைப்புக்குறிக்குள் இட்டு வர்க்கம் அழுத்தினால்தான் 9 வரும்.

கோபுரத்தின் உயரம்

முக்கோணவியலில் உயரமும் தூரமும் காண்பதற்கு ஆலயக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளித் தரையிலிருந்து பார்க்கும்போது உச்சியின் ஏற்றக்கோணம் 40 பாகை என்க. 30 × டேன் 40 = என்று அழுத்தினால் 25.17 மீட்டர் உயரம் கிடைக்கும். பாடப்புத்தகத்தில் 30, 45, 60 பாகைகளுக்கு மட்டுமே மதிப்பு மனப்பாடமாக இருக்கும். உண்மையான கோபுரங்கள் அந்தப் பாகையில் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவேதான் அட்டவணையோ கணிப்பானோ தேவைப்படுகிறது.

கணிப்பான் ரேடியன் நிலையில் இருந்துவிட்டால் இதே கணக்குக்கு −33.52 என்று விடை வரும். கோபுரம் தரைக்குள் முப்பத்து மூன்று மீட்டர் புதைந்துவிட்டதாகப் பொருள்! எதிர்மக்குறி வந்ததால் இந்தத் தவறு உடனே தெரிகிறது. வேறு கோணமாக இருந்தால் உண்மைபோலவே தோன்றும் பொய் விடை வந்துவிடலாம். எனவே திரையின் மேலுள்ள சிறிய எழுத்தைப் பார்த்த பிறகே கோணக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

மடக்கையும் அமிலமும்

அறிவியல் பாடத்தில் பி.எச். மதிப்பைப் படிக்கிறோம். ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை எதிர்மமாக்கினால் பி.எச். கிடைக்கும். செறிவு 0.001 எனில் எதிர்ம விசை, லாக், 0.001, சமக்குறி என்று அழுத்துக, விடை 3.

தோலில் குரோம் ஏற்றுவதற்கு முன் அமிலமும் உப்பும் சேர்த்து பி.எச். மதிப்பை ஏறத்தாழ 3க்குக் கொண்டு வருவார்கள். குரோம் தோலின் உட்புறம் வரை பாய்ந்த பிறகு, அதை மெல்ல மெல்ல 4க்கு அருகில் உயர்த்துவார்கள். 3க்கும் 4க்கும் ஒன்றுதானே வேறுபாடு என்று தோன்றும். ஷிஃப்ட், லாக் அழுத்தி, எதிர்ம விசையோடு 3 என்று போட்டால் 0.001, 4 என்று போட்டால் 0.0001. அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மடக்கையில் ஒரு படி என்பது உண்மையில் பத்து மடங்கு என்பதை இதைவிடத் தெளிவாக உணர முடியாது.

மிகப் பெரிய எண்களுக்கு ‘எக்ஸ்ப்’ என்ற விசை உண்டு. ஒளியின் வேகம் நொடிக்கு 3 × 10⁸ மீட்டர் என்பதை 3, எக்ஸ்ப், 8 என்று அழுத்தினால் போதும். நடுவில் 10ஐயும் அழுத்தினால் விடை பத்து மடங்காகிவிடும்.

அடுக்கு விசையும் வட்டியும்

மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்று நம் ஊரில் சொல்வார்கள். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். 25,000 ரூபாய் கடன் வாங்கி, வட்டியை மாதந்தோறும் கட்டி வந்தால் ஓர் ஆண்டில் வட்டி 6,000 ரூபாய். கட்டாமல் விட்டு, வட்டிக்கும் வட்டி ஏறினால் என்ன ஆகும்? 25000 × 1.02, அடுக்கு விசை, 12 = என்று அழுத்துக. 31,706 ரூபாய் 4 பைசா வரும். அதாவது வட்டி மட்டும் 6,706 ரூபாய். அதே கணக்கில் 12க்குப் பதில் 36 என்று, மூன்று ஆண்டுக்குப் போட்டால் 50,997 ரூபாய் வருகிறது. கடன் இரட்டிப்பாகிவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும்.

நினைவக விசையும் கூலிக் கணக்கும்

ஷூவின் மேல்பாகத்தை ‘அப்பர்’ என்பார்கள். நம் வட்டாரத்தில் அதை வீட்டிலேயே வைத்துக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மாதிரிக்கு மாதிரி கூலி மாறும். இதற்கு ‘எம் பிளஸ்’ என்னும் நினைவக விசை மிகவும் ஏற்றது.

ஒரு வாரத்தில் ஒரு மாதிரியில் 48 ஜோடி, ஜோடிக்கு ரூ. 9.50, மற்றொரு மாதிரியில் 38 ஜோடி, ஜோடிக்கு ரூ. 11.25 என்று வைத்துக்கொள்வோம். முன்பணமாக வாங்கியது ரூ. 200. முதலில் 0, ஷிஃப்ட், ஸ்டோ, எம் என்று அழுத்தி நினைவகத்தைக் காலி செய்க. பிறகு 48 × 9.5 எம் பிளஸ், திரையில் 456. அடுத்து 38 × 11.25 எம் பிளஸ், திரையில் 427.5. பிறகு 200 என்று இட்டு, ஷிஃப்ட், எம் பிளஸ் அழுத்தினால் அது கழிக்கப்படும். கடைசியாக ஆர்.சி.எல்., எம் அழுத்தினால் கைக்கு வரவேண்டிய தொகை ரூ. 683.50 என்று தெரியும்.

எங்கள் தெருவில் அப்பர் தைக்கும் அக்கா ஒருவர் தினமும் தைத்த ஜோடிகளை ஒரு சிறு நோட்டில் குறித்து வைக்கிறார். கூலி வாங்கப் போகும் முன் தாமே கூட்டிப் பார்த்துத் தொகையை எழுதிக்கொள்கிறார். அங்கே சொல்லும் தொகையும் நோட்டில் உள்ள தொகையும் வேறுபட்டால், குரலை உயர்த்தாமல் நோட்டைத் திறந்து காட்டுகிறார். அவர் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவர். கணக்கு தெரிந்தவரிடம் யாரும் ‘தோராயமாக’ என்று சொல்ல முடியாது என்பது அவருடைய வாக்கு.

தவறினால் திருத்துதல்

எழுத்துத் தவறினால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. ‘டெல்’ விசை ஒவ்வொன்றாக அழிக்கும். ‘ஏ.சி.’ முழுவதையும் அழிக்கும். விடை வந்த பிறகும் இடப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் நாம் போட்ட கணக்கு மீண்டும் தோன்றும். தவறிய எண்ணை மட்டும் மாற்றலாம். ‘ஆன்ஸ்’ என்பது கடைசி விடையை நினைவில் வைத்திருக்கும் விசை.

‘மேத் எர்ரர்’ என்று வந்தால் பூச்சியத்தால் வகுத்தல், எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் காணல் போன்று கணிதத்தில் இயலாத ஒன்றைக் கேட்டிருக்கிறோம். ‘சின்டாக்ஸ் எர்ரர்’ என்று வந்தால் குறிகளை முறை தவறி அழுத்தியிருக்கிறோம். இந்த இரண்டையும் கண்டு பயப்பட வேண்டாம். கணிப்பான் தவறு என்று சொல்லும் இடங்கள் ஆபத்தில்லாதவை. தவறான கேள்விக்கு அமைதியாக ஒரு விடையைக் காட்டும் இடங்களே ஆபத்தானவை.

மூன்று பழக்கங்கள்

ஆகவே தோழியரே, நான் சொன்ன அனைத்தையும் மூன்று பழக்கங்களாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஒன்று, தொடங்கும் முன் நிலையைப் பார்ப்பது. கோண அலகு பாகையா, நினைவகம் காலியா, விடை காட்டும் முறை எது என்று காண வேண்டும்.

இரண்டு, சேர்ந்திருக்க வேண்டியவற்றை அடைப்புக்குறிக்குள் வைப்பது. ஐயம் இருந்தால் ஓர் அடைப்புக்குறி அதிகமாகவே போடலாம், குறையக்கூடாது.

மூன்று, சமக்குறியை அழுத்தும் முன் மனத்தால் ஒரு மதிப்பீடு செய்வது. விடை நூறா, ஆயிரமா, கூடுமா, குறையுமா என்ற அளவிலாவது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பழக்கம்தான் மிகவும் அரிது. அதுவே மிகவும் அவசியம். தேர்வு அறையில் கணிப்பானை அனுமதிக்காததன் பயனும் இதுவே என்று எண்ணுகிறேன். வாய்ப்பாடு தெரியாதவள் கையில் உள்ள கணிப்பான் அவளுக்கு எசமானாகிவிடும். வாய்ப்பாடு தெரிந்தவளுக்கு அது நல்ல வேலையாள்.

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாமல் ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகும் ஒருவனைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் எடுத்துரைக்கிறார். தொடங்கும் முன் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்க்க அவன் தவறிவிட்டான். எண்ணிப் பார்ப்பதும் ஒரு நற்பண்பு என்று இதனால் அறிகிறோம். பிறருக்குச் சேரவேண்டியதைக் குறைக்காமல் கொடுக்கவும், நமக்குச் சேரவேண்டியதை அமைதியாகக் கேட்டுப் பெறவும், ஆற்றில் ஒரு பிடி விஷமும் வீணாகக் கலவாமல் காக்கவும் சரியான கணக்கு வேண்டும்.

இவ்வாண்டு விடுமுறையில் வீட்டிலுள்ள கணிப்பானையோ கைப்பேசியையோ எடுத்து, அம்மாவின் மளிகைக் கணக்கையும் அப்பாவின் சம்பளக் கணக்கையும் இம்முறைகளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதலில் மனத்தால், பிறகு விசையால். இரண்டும் ஒத்துவந்தால் நீங்கள் கணிப்பானைக் கற்றுவிட்டீர்கள் என்று பொருள்.